பூங்காவனமும் இரண்டு தண்ணி ஸ்கூட்டர்களும்

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் இறங்கி, "உலகநாதன் எஞ்சினியரிங் ஒர்க்ஸ் எங்கே?" என்று கேட்டால் டீக்கடைக்காரர் முதல் ஆட்டோ ஓட்டுபவர் வரை எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "பூங்காவனம் கடை" என்று கேட்டுப் பாருங்கள், கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். போர்டில் இருப்பது கணவன் பெயர், ஊர் வாயில் இருப்பது மனைவி பெயர். உலகநாதனுக்கு இதில் கடுகளவும் வருத்தம் கிடையாது. போர்டைத் துடைக்கிற வேலை மட்டும்தான் தன்னுடையது என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே எண்ணெய்க் கறை, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு போரிங் மிஷின், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக் பைக்கும் ஆட்டோவும் ஓடி ஓடி சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்துபோகும். அதை மயிரிழை பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பிஸ்டனைப் போட்டால் வண்டி மறுபடி புதுசு. குடைகிற வேலை பூங்காவனத்துடையது. எஞ்சினைப் பிரிப்பதும் பூட்டுவதும் உலகநாதன் பொறுப்பு. ஆவடி, பாடி, திருநின்றவூர் என்று எங்கெங்கிருந்தோ மெக்கானிக்குகள் சிலிண்டரைச் சாக்குப் பையில் சுற்றிக்கொண்டு வருவார்கள்.

அவள் கோவில்பதாகையில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலமெல்லாம் பிளாட் ஆனதும் அப்பா ஒரு கம்பெனிக்குக் காவல் வேலைக்குப் போனார், அம்மா சித்தாளாகப் போனாள். எண்பதுகளின் தொடக்கத்தில் பூங்காவனம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே போரிங் மிஷினில் நின்றவர் மட்டம் போடுவதில் மன்னன். ஒரு நாள் அவசர வேலை காத்துக் கிடக்க, ஆளைக் காணோம். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு இவள் போய் மிஷின் முன்னால் நின்றாள்.

"உனக்கு என்னம்மா தெரியும்?" என்றார் முதலாளி.

"தெனம் பாத்துகினுதானே கீறேன்" என்றாள் பூங்காவனம். அதற்கப்புறம் விளக்குமாறு வேறொருத்தி கைக்குப் போய்விட்டது.

சில வருஷங்களில் பட்டறையை மூடினார்கள். மற்றவர்கள் சேர வேண்டியதைக் காசாக வாங்கிக்கொண்டு போனார்கள். இவள் அந்தப் பழைய போரிங் மிஷினைக் கேட்டாள். மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு வந்த நாளில் தெருவே வாசலுக்கு வந்து சிரித்தது. அடுத்த மாதமே உலகநாதன் நெமிலிச்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்தான். மாப்பிள்ளை டூ ஸ்ட்ரோக் மெக்கானிக் என்று கேள்விப்பட்டவள், காபி டம்ளரை நீட்டிய கையோடு, "பிஸ்டன் ரிங்கு மாட்டும்போது அதோட வாய எங்க வெப்பே?" என்று கேட்டாள். பெண் வீட்டார் தலையில் அடித்துக்கொண்டார்கள். உலகநாதன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிஸ்டன்ல கீற பின்னுக்கு நேரா. தப்பா வெச்சா சிலிண்டர் ஓட்டைல மாட்டி ஒடிஞ்சிபூடும்" என்றான். கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

பூங்காவனத்துக்கு ஒரு கர்வம் உண்டு. அவள் குடைந்த சிலிண்டரில் பிஸ்டன் தொப்பென்று விழாது, யோசித்து யோசித்துத்தான் இறங்கும். அவ்வளவு இறுக்கமாக விடுவாள். இறுக்கமாக விட்டால் ஆயுசு கூடும் என்பது அவள் கட்சி. காற்றிலேயே சூடு ஆறுகிற பைக்குக்கு அது சரியாகவே வந்தது, அதனால் அந்தக் கர்வத்தை யாரும் தட்டிக் கேட்டதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் எத்திராஜ் லீவில் வந்தார். உலகநாதனின் அக்காள் கணவர், கொரட்டூரில் வீடு, பல வருஷமாக ஷார்ஜாவில் வேலை. வழக்கமான சென்ட் பாட்டிலோடு இந்தத் தடவை உலகநாதனுக்கு ஒரு விசாவும் கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டு பொண்ணுங்கள வெச்சிகினு இன்னும் எத்தினி நாளிக்கி ஆஸ்பெஸ்டாஸ்ல குந்தினு இருப்பே மச்சான்? அங்க வந்தா வண்டி ரிப்பேர் வேல ரெடி. ஊட்ட இட்ச்சிட்டு மாடியே கட்லாம்."

உலகநாதன் மனைவியைப் பார்த்தான். இந்த மனுஷன் இல்லாத கடையை, இந்த மனுஷன் இல்லாத சாயங்காலத்தை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. ஆனால் "போகாதே" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. கொஞ்சுவதே ஆடிக்கொருதரம், கெஞ்சுவதற்கு எங்கே போவாள்?

"தீபாவளி வரிக்கும் டைம் குடு அண்ணே" என்றாள். "அதுக்குள்ள இங்கியே இவருக்கு மாசச் சம்பளத்துக்கு ஒரு வயி பண்றேன். முடியலியா, தாராளமா இட்டுகினு போ."

எத்திராஜ் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

இவ்வளவு திடமாக அவள் சொன்னதற்குக் காரணம் உத்தமன். பூந்தமல்லி தாண்டி செங்கல் சூளை வைத்திருந்தவர். மண் எடுத்து எடுத்து ஏரி மாதிரி ஆகிவிட்ட பள்ளத்தில் தண்ணீர் நின்றதும், சுற்றிலும் செடி வைத்து, படகு விட்டு, டிக்கெட் போட்டு ஒரு கேளிக்கைத் தோட்டமாக்கிவிடலாம் என்று கிளம்பிவிட்டார். அதற்காக பம்பாயிலிருந்து பழைய வாட்டர் ஸ்கூட்டர் இரண்டு வாங்கி வந்திருந்தார். உட்கார்ந்து போகிற வகை இல்லை. சீட்டே கிடையாது. பின்னால் கால் வைக்க ஒரு தட்டு, முன்னால் தூக்கி இறக்கும் நீளக் கம்பியின் நுனியில் ஹேண்டில்பார். நின்றபடிதான் ஓட்ட வேண்டும். அடியில் இருக்கிற பம்பு தண்ணீரை இழுத்துப் பின்னால் பீய்ச்ச, வண்டி முன்னால் பாயும். வாங்கும்போது இரண்டும் ஓடினவாம், லாரியில் வந்து இறங்கியபின் இரண்டும் படுத்துவிட்டன.

உத்தமன் அவற்றைக் கடை வாசலில் இறக்கிவைத்துச் சொன்னார்: "ரெண்டும் அச்சு ஒண்ணுதாம்மா. ஆனா ஒண்ணு பேய் மாதிரி பாயும், இன்னொண்ணு சவலப்புள்ள. சவலையையும் பேயாக்கிக் குடு. தீபாவளிக்குத் திறப்பு. ரெண்டும் ஓடிச்சுன்னா உன் வீட்டுக்காரருக்குத் தோட்டத்துல நிரந்தர வேலை. தினம் பார்த்துக்க ஆள் வேணுமில்ல?"

பார்வைக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைதான். வெள்ளை உடம்பு, வெளிறிப்போன சிவப்புக் கோடு. மூடியைத் திறந்ததும்தான் உண்மை தெரிந்தது. ஒன்றில் இருந்தது அந்த உடம்போடு பிறந்த சின்ன எஞ்சின். மற்றதில் பம்பாயில் எந்தப் புண்ணியவானோ பெரிய வண்டியின் எஞ்சினைத் தூக்கித் திணித்திருந்தான். இரண்டுமே ஜப்பான் எஞ்சின், டூ ஸ்ட்ரோக், ஜோடி சிலிண்டர். இரண்டுக்கும் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் என்று தனியாக எதுவும் கிடையாது. ஓடும்போது அந்த அடிப் பம்பே ஏரித் தண்ணீரில் கொஞ்சத்தை எஞ்சினைச் சுற்றி அனுப்பிச் சூட்டைத் தணிக்கும்.

"அப்ப ஒண்ணு ஏன் மந்தம், ஒண்ணு ஏன் பேய்? சைஸ் மட்டுமா?" என்று கேட்டான் உலகநாதன்.

பூங்காவனம் சின்ன எஞ்சினின் சிலிண்டருக்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவினாள். பெரியதையும் அப்படியே தடவினாள். பிறகு அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"தபாரு. சின்னதுல பெட்ரோலு உள்ள வர்ற ஓட்ட சிலிண்டர் செவுத்துலியே கீது. பிஸ்டன் மேல போனா ஓட்ட தெறக்கும், கீய வந்தா மூடும். பிஸ்டனே வாட்ச்மேனு. அவன் ரவுண்டு போற நேரத்துக்குத்தான் கேட்டு தெறக்கும், மூடும். மெதுவா ஓடும்போது உள்ள வந்தது பாதி திரும்பி வெளிய ஓடிப்பூடும். வேகம் ஏறினாத்தான் வேல சரியா நடக்கும். அதான் எடுத்த எடுப்புல மந்தம்."

"பெருசுல?"

"பெருசுல வாசல்ல மெல்லிசா தகடு வெச்சிகீறான். உள்ளேர்ந்து உறிஞ்சினா தகடு வளஞ்சி வயி உடும். உறிஞ்சறது நின்னா தானே மூடிக்கும். உள்ள வந்தது வெளிய போவ முடியாது. அதான் தொட்டதும் பாயுது. சின்னது சவலயும் இல்ல ஒண்ணியும் இல்லய்யா. அது வேற மாதிரி இஞ்சினு, அவ்ளோதான்."

உத்தமனிடமும் இதையே சொன்னாள். பேயாக்கப் போனால் அது கெட்டுப்போகும், புதிதாக ஏறுகிறவனுக்கு அந்த மந்தமே நல்லது என்றாள். அவருக்கு அது காதில் ஏறவில்லை. "எனக்கு ரெண்டும் ஓடணும்மா, வேகமா ஓடணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

வேலை நடந்தது. பெரியதில் தகடு ஒன்று உடைந்திருந்தது. பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து உலகநாதன் மாற்றினான். சின்னதின் சிலிண்டர்களைப் பூங்காவனம் குடைந்தாள், வந்த பெட்டியிலேயே இருந்த மாற்றுப் பிஸ்டன் ஜோடியைப் போட்டாள். பழக்க தோஷம், வழக்கமான இறுக்கத்தோடே விட்டாள். டேங்கிலிருந்து ஹோஸ் மாட்டித் தண்ணீர் காட்டி இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்துவிடும். இரண்டும் கணீரென்று ஓடின. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. அம்பத்தூரில் ஆயுத பூஜை என்றால் எஸ்டேட் முழுக்கப் பொரியும் பூசணிக்காயும்தான். பூங்காவனம் கடையிலும் மிஷினுக்குப் பட்டை, பொட்டு, மாலை. ரிப்பேருக்கு வந்த வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தண்ணி ஸ்கூட்டருக்குச் சக்கரம் ஏது? எங்கே பழம் வைப்பது என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் வயிற்றுக்கு அடியில் சொருகினார்கள். தெருவே கூடிவிட்டது, பைக்கைப் பார்க்க யாருக்கும் மனசில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். கற்பூரம் காட்டும்போது எல்லா வண்டியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் கேட்டால்தான் வருஷம் முழுக்கக் கடையில் சத்தம் இருக்கும் என்பாள் பூங்காவனம்.

"தண்ணி காட்டாம ஓட்டக் கூடாதுமே" என்று உலகநாதன் தயங்கினான். "ஹோஸ மாட்டட்டுமா?"

"சாமி கும்புட்ற எடத்துல சேறா? கற்பூரம் அணையறதுக்குள்ள நிறுத்திடலாம். ஸ்டார்ட் பண்ணு."

அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அவள் கடை பூஜையில் ஒரு வண்டி மட்டும் ஊமையாக நிற்பதா என்கிற பிடிவாதம். பெரியதை ஓட்டி உடனே நிறுத்தினார்கள். சின்னது கிளம்பியதும் கூட்டம் விசிலடித்தது. "முறுக்கு அண்ணாத்தே!" என்று நாலா பக்கமும் குரல். உலகநாதனுக்கும் தலைகால் புரியவில்லை, ஹேண்டில்பார் விசையை அழுத்திவிட்டான். பூங்காவனம் தட்டைச் சுற்றி முடித்து, கடைக்கு வெளியே போய்த் தெருவுக்கும் காட்டிவிட்டு வருவதற்குள் ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. அடுத்த கணம் எஞ்சின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

பிரித்துப் பார்த்ததில் இரண்டு பிஸ்டனும் சூட்டில் உப்பிச் சிலிண்டரைக் கவ்வி, உட்சுவரைக் கீறி வைத்திருந்தன. தளர்வாக விட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். அவளுடைய பிடிவாதமும் அவளுடைய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை. அன்று அவள் பொரி உருண்டையைக்கூடத் தொடவில்லை. உலகநாதன் ஏதோ சொல்ல வந்தான், முகத்தைப் பார்த்துவிட்டு, "தோ வந்துட்றேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். மனுஷனுக்கு ஆத்திரம், காட்டத் தெரியாமல் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே பூந்தமல்லிக்குப் போய் உத்தமனிடம் நேராகச் சொன்னாள். "நாங்கதான் கெடுத்தோம் மொதலாளி. தண்ணி இல்லாம ஓட்டிட்டோம்."

உத்தமன் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் மோசம். "போனா போகட்டும்மா. எப்படியும் அது சவலதானே, இரும்புக்குப் போட்டுடு. பெருசு ஒண்ணே போதும். ஆனா ஒரு வண்டிக்குன்னு மாசச் சம்பளத்துல ஆள் வெக்க முடியாது, பாரு. ரிப்பேர் வந்தா சொல்லி அனுப்பறேன்."

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் மீனம்பாக்கம் ஏர்போர்ட்தான் வந்துகொண்டிருந்தது. பெட்டியோடு உள்ளே போகிற உலகநாதன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்களோடு இவள். ஆவடி வருவதற்குள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தச் சின்ன எஞ்சின் ஓடத்தான் போகிறது, அதைப் பார்த்து உத்தமன் மனசை மாற்றிக்கொள்ளத்தான் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டாள்.

சிலிண்டரை இன்னும் பெரிதாகக் குடைந்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை. அதற்குப் பொருந்துகிற பிஸ்டனுக்கு எங்கே போவது? உலகநாதன் புதுப்பேட்டையைச் சலித்து, ஏதோ ஜப்பான் பைக்கின் பிஸ்டன் ஜோடியோடு வந்தான். அளவு கச்சிதம். முகமெல்லாம் பல்.

பூங்காவனம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "இதோட இடுப்புல பாரு, ஜன்னல் வெட்டிகீது. தகடு வெச்ச இஞ்சினோட பிஸ்டன் இது. வாசல்ல தகடு காவல் காக்கறதால பிஸ்டன்ல ஜன்னல் இருந்தா பரவால்ல, இன்னும் நல்லாவே மூச்சு உடும். நம்ப சின்னதுல வாட்ச்மேனே பிஸ்டன்தான். வாட்ச்மேன் வயித்துல ஓட்ட இருந்தா கேட்டு எப்பிடிய்யா மூடும்? பெட்ரோலு பூரா கார்பரேட்டர் வயியா மூஞ்சில துப்பும்."

"சைஸ் சரியா கீதேன்னு பாத்தேன்" என்று முனகினான் உலகநாதன். மறுபேச்சு பேசாமல் மறுபடி சைக்கிளை எடுத்தான். அந்த மனுஷனிடம் இதுதான் அவளுக்குப் பிடித்தது.

கடைசியில் கிடைத்த இடம் பாடியில் ஒரு காயலாங்கடை. ஏதோ கம்பெனி கழித்துக் கட்டிய தீயணைப்புப் பம்பு ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. கையால் தூக்கிப்போகிற வகை, ஜப்பான் டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். உள்ளே பிஸ்டன்கள் ஜன்னல் இல்லாமல் முழுசாக, கீறல் படாமல் இருந்தன. பிஸ்டனின் குறுக்கே பின் நுழைகிற துளையும் ஒத்துப்போனது, அது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். ஒரே வித்தியாசம், இடுப்புக்குக் கீழே நீளம் கொஞ்சம் அதிகம். நீளமான பிஸ்டன் ஓட்டையைத் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடிவிடும், எஞ்சின் மூச்சுத் திணறும். பழைய பிஸ்டனைப் பக்கத்தில் நிறுத்தி, அதே உயரத்துக்குப் பக்கத்துப் பட்டறை லேத்தில் வெட்டினாள்.

பிறகு சிலிண்டரைக் குடைந்தாள். முடித்து, பிஸ்டனை விட்டுப் பார்த்தபோது அது தயங்காமல் இறங்கியது. உலகநாதன் பதறிப்போனான்.

"இன்னாமே, இவ்ளோ லூசா உட்டுட்டே?"

"பைக்கு காத்துல ஓடுது. இது ஏரித் தண்ணில ஓடுது. சிலிண்டர் குளுந்தே கெடக்கும், பிஸ்டன் மட்டும் சூட்டுல உப்பும். இதுக்கு வேணுங்கற லூச இதுக்குக் குடுத்தாவணும். என் வீம்ப இதும்மேல காட்ட முடியுமா?" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மவும் இல்லை, தலை குனியவும் இல்லை. தப்புத் தெரிந்தால் மாற்றிக்கொள்வதும் அவளுக்கு ஒரு கர்வம்தான்.

எஞ்சின் ஓடியது. ஆனால் ஓட்டிக் காட்ட ஆள் வேண்டுமே? உலகநாதனுக்கு நீச்சல் தெரியாது. கோவில்பதாகை ஏரியில் எருமைக்குப் போட்டியாக நீந்தி வளர்ந்தவள் இவள். உலகநாதனின் பேன்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு, விடிந்ததும் அம்பத்தூர் ஏரிக்கு வண்டியோடு கிளம்பிவிடுவாள். முதல் நாள் விழுந்தாள். மறுநாளும் விழுந்தாள். விழுந்தால் அந்த வண்டி ஓடிப்போகாது, மெதுவாக வட்டமடித்து ஆளிடமே திரும்பி வரும். அதனால் நீந்தித் துரத்துகிற வேலை மிச்சம். மந்தமான எஞ்சின் என்பதால் முழங்கால் போட்டு, நிதானமாக எழுந்து நிற்க அவகாசம் கிடைத்தது. எழுந்து நின்றபிறகு விசையை அழுத்தினால் மெல்ல மெல்ல வேகம் ஏறும், ஏறியபிறகு நன்றாகவே பறக்கும். எத்திராஜ்கூட ஒரு நாள் கொரட்டூரிலிருந்து வந்து கரையில் நின்று பார்த்தார். விசா பேச்சையே எடுக்கவில்லை. சங்கடப்படுத்த வேண்டாம் என்று இருக்கிறார் போலும் என்று பூங்காவனம் எண்ணிக்கொண்டாள்.

தீபாவளியன்று தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். பூங்காவனமும் உலகநாதனும், யாரும் கூப்பிடாமலே, சின்ன வண்டியை மீன்பாடியில் ஏற்றிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

பெரிய வண்டியைத் தண்ணீரில் இறக்கினார் உத்தமன். அண்ணா நகரிலிருந்து வந்த ஒரு காலேஜ் பையன் முதலில் ஏறினான். ஏறி முழங்கால் போட்டான், விசையைத் தொட்டான், வண்டி போய்விட்டது, ஆள் அங்கேயே தண்ணீரில் கிடந்தான். அடுத்தவனுக்கும் அதே கதி. அதற்கடுத்தவன் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் துணி அலசுகிற மாதிரி இழுபட்டுவிட்டு விட்டான். கரையெல்லாம் சிரிப்பு. நாலு பேருக்கு மேல் வரிசையில் யாரும் நிற்கவில்லை. வாங்கிய டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூட்டம் சேர்ந்தது. மானப் பிரச்சினை என்று உத்தமனே வெள்ளைப் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஏறினார். அவர் எழுந்தபோது தலையில் பாசி இருந்தது.

பூங்காவனம் தண்ணீரில் இறங்கிப் போய் அவருக்குக் கை கொடுத்தாள். "சின்னத எறக்கட்டுமா மொதலாளி?"

"அது செத்துப்போச்சுன்னியே?"

"செத்தத யாரு வண்டில ஏத்திகினு வருவாங்க?"

உலகநாதன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் பேன்ட் சட்டையோடுதான் வந்திருந்தாள். முழங்கால் போட்டாள், எஞ்சினைக் கிளப்பினாள். வண்டி நிதானமாக நகர்ந்தது. ஒரு காலை ஊன்றினாள், அடுத்ததை ஊன்றினாள், எழுந்து நின்றாள். கரையில் சத்தம் அடங்கியது. விசையை அழுத்தினாள். குட்டையின் அந்தக் கோடி வரை போய், சாய்ந்து திரும்பி, இரண்டு பக்கமும் தண்ணீர் எகிற, நேராக நிமிர்ந்து நின்றபடி வந்தாள். அம்பத்தூரில் போரிங் கடை வைத்திருக்கிற, இரண்டு பிள்ளை பெற்ற பூங்காவனம், தண்ணீர் மேல் நின்றுகொண்டு வந்தாள். கூட்டம் கத்திய கத்தலில் பட்டாசுச் சத்தம் கேட்கவில்லை.

அவள் இறங்குவதற்குள் அந்த வண்டிக்கு வரிசை நின்றுவிட்டது. காலேஜ் பையன்தான் முதல் ஆள். இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை நின்றான். நின்றவன் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான்.

உத்தமன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "சவலன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேம்மா. கத்துக்கறவனுக்குச் சின்னது, கத்துக்கிட்டவனுக்குப் பெருசு. ரெண்டும் வேணும். நாளைலேர்ந்து உன் வீட்டுக்காரர வரச் சொல்லு, மாசச் சம்பளம்."

பூங்காவனத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். உலகநாதன் மீன்பாடியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"கேட்டியா? வேல கெட்ச்சிட்ச்சி! அண்ணங்கிட்ட சொல்லி அந்த விசாவ திருப்பிக் குட்த்துடுய்யா!"

உலகநாதன் துண்டை எடுத்து அவள் தலையில் போட்டான். "அத்த ஆய்த பூஜ அன்னிக்கே குட்த்துட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"இஞ்சினு புட்ச்சிகிச்சே, அன்னிக்கி சைக்கிள எட்த்துகினு நேரா கொரட்டூருதான் போனேன். மாமாங்கிட்ட சொல்லிட்டேன், இஞ்சினு ஓடனாலும் சரி, ஓடாட்டியும் சரி, நான் வர்ல. எத்தினி வருசம் ஆனாலும் ஆஸ்பெஸ்டாஸ்லியே கீறோம்னு."

பூங்காவனம் துண்டைத் தலையிலிருந்து உருவினாள். "அன்னிக்கேவா? அப்ப நான் எதுக்குய்யா காயலாங்கட காயலாங்கடயா சுத்தினேன்? எதுக்குய்யா ஏரித் தண்ணி பூரா குட்ச்சேன்? சொல்லித் தொலஞ்சா இன்னா?"

"சொல்லியிருந்தா நீ அந்த இஞ்சின தொட்டிருக்க மாட்டே. தோத்துட்டோம்னு ஒரு மூலைல குந்தினு இருப்பே. அத்த என்னால பாக்க முடியாது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனுக்கும் ஒரு ஆச இருந்திச்சி. இத்தினி நாள்ல ஒரு வாட்டியாவது நீ போவாதேன்னு சொல்லுவேன்னு பாத்தேன். இஞ்சினோட மல்லுக்கட்டினியே தவுர, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

துண்டால் அவனை ஒரு அடி அடிக்கத்தான் அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கி அவன் தோளைப் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் அத்தனை கூட்டம், அத்தனை கண்கள். அதைப் பற்றியெல்லாம் அவளுக்குக் கவலையே இல்லை.

"போவாதே" என்றாள்.

"நான்தான் போவலியே."

"இருக்கட்டும். கேட்டுக்கோ. எங்கியும் போவாதே."

உலகநாதன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டான். கரையிலிருந்து யாரோ வண்டி நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேருமாக இறங்கிப் போனார்கள்.